தகரப் பெட்டியை இழுக்கும் சத்தம்: டர்பன் தமிழ்க் கோயில் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் வட்டாரத் தமிழ்க் கோயில்களின் அறங்காவலர்களுக்கும், தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், குருக்கள்மாருக்கும் வணக்கம்.

ஜூன் 26 அன்று நீங்கள் நடத்திய போதை எதிர்ப்பு ஊர்வலத்தில் நானும் நடந்தேன். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேரை வரிசையாக அழைத்துவந்தவள் நான்தான். ஊர்வலம் முடிந்து மண்டபத்தில் கூடியதும் ஒரு பெரியவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். போதைக்குப் போகிறவன் மனவுறுதி இல்லாதவன், பெற்றவளின் கண்ணீருக்கும் இரங்காதவன், அவனைக் கோயில் வாசலில் அண்டவிடக் கூடாது என்றார். மண்டபமே கைதட்டியது. நான் தட்டவில்லை. பக்கத்தில் இருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அன்று சொல்லாமல் வந்த பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் எழுதினால் உங்களில் இன்னும் பலர் படிப்பீர்கள். நம் வீடுகளில் தமிழ் தேய்ந்துவிட்டது என்பது, பிள்ளைகளின் கையைப் பிடித்து 'அ' எழுதவைக்கும் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் தமிழ் போய்விட்ட வீடுகளிலும் சில சொற்கள் மட்டும் போகவே இல்லை. சாமி, விபூதி, ஆயா, வெட்கம், மானம். என் தம்பியின் வாயை அடைத்த சொற்கள் தமிழ்ச் சொற்கள். அதனால்தான் இந்த மடலும் தமிழில் வருகிறது. படிக்க முடியாதவர்கள் தங்கள் கோயில் குருக்களிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவரும் கேட்க வேண்டிய செய்திதான் இது.

என் தம்பி 2004இல் கல்லீரல் கெட்டு இறந்தான். அவனுக்கு வயது 43. பதினான்கு வயதில் கரும்புச் சாராயத்தைத் தொட்டான். இருபதில் மாண்ட்ராக்ஸ். அந்த மாத்திரையைப் பொடித்து, கஞ்சாவோடு கலந்து, உடைத்த பாட்டிலின் கழுத்தில் வைத்துப் புகைப்பார்கள். அதை எப்படியோ விட்டான். விட்ட இடத்தில் சாராயம் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. 'சுகர்ஸ்' என்று இன்று நாம் நடுங்கும் ஹெராயின் கலவை அவன் போன பிறகுதான், 2005ஐ ஒட்டி, சாட்ஸ்வொர்த் தெருக்களில் பரவியது. இருந்திருந்தால் அதையும் தொட்டிருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கரும்பு வெட்டத்தான் 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நம்மவர்களை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கரும்பின் சாராயம் என் தம்பியைத் தின்றது. நம் பேரப்பிள்ளைகளைத் தின்னும் பொடிக்கும் சர்க்கரை என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். இதை நினைக்காமல் என்னால் ஒரு கரும்புத் தோட்டத்தைக் கடந்து போக முடிவதில்லை.

நாங்கள் மேகசின் பாரக்ஸ் குடும்பம்; மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பு அது. அப்பா டர்பன் மாநகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் எங்களை அங்கிருந்து பிடுங்கிச் சாட்ஸ்வொர்த் இரண்டாம் யூனிட்டில் நட்டது. வரும்போது ஆயா, எங்கள் பாட்டி, தன் தகரப் பெட்டியை லாரியில் ஏற்றவிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெட்டி எங்கள் அறையில் சன்னலுக்குக் கீழே இருந்தது.

1970இல் தம்பிக்கு ஒன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. கோயிலில் பஜனைக்குப் பாட்டும் மிருதங்கமும் கற்றுக்கொடுக்க ஒருவர் இருந்தார். நல்ல குரல். ஊரில் அவருக்குப் பெரிய மரியாதை. எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா எழுந்து நாற்காலி கொடுப்பார். ஐந்து பையன்கள் அவரிடம் கற்றார்கள். வகுப்பு கோயிலின் பின்னறையில் நடந்தது. அந்த அறைக்குச் சன்னல் கிடையாது.

சில மாதங்களில் தம்பி படுக்கையை நனைக்க ஆரம்பித்தான். சாப்பாடு குறைந்தது. ஒரு நாள் இரவு கரகரவென்று ஏதோ இழுபடும் சத்தம் கேட்டு விழித்தேன். ஆயாவின் தகரப் பெட்டியை அவன் சிமெண்டுத் தரையில் இழுத்துக்கொண்டுபோய்க் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தான். பெட்டி அவனைவிடக் கனம். முதுகைக் கொடுத்துத் தள்ளினான். ஏன்டா என்று கேட்டேன். "சும்மாதான், அக்கா" என்றான். அன்று முதல் ஒவ்வொரு இரவும் அந்தச் சத்தம். அம்மா கண்ணேறு என்று நினைத்து எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். கையில் தாயத்துக் கட்டினாள். வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அழுதபோது, சாமி காரியத்துக்கு மறுக்கிறாயா என்று அப்பா பெல்ட்டைக் கழற்றினார்.

கடைசியில் ஆயாவிடம் சொல்லிவிட்டான். ஆயா அப்பாவிடம் சொன்னாள். அப்பா சட்டை மாட்டிக்கொண்டு கோயில் நிர்வாகத்தாரைப் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது முகம் கறுத்திருந்தது. "பேசியாயிற்று. இனிமேல் இந்தப் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம், வெளியே தெரிந்தால் மானம் போகும்" என்றார். என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நடந்தது மட்டும் தெரியும். இரண்டு மாதம் கழித்து அந்த மனிதர் வேறொரு கோயிலுக்குப் போனார். போகும்போது மாலை போட்டு அனுப்பினார்கள். அங்கேயும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பல ஆண்டு கழித்து ஒரு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவருடைய படம் இன்னும் ஒரு மண்டபச் சுவரில் தொங்குகிறது. எந்தக் கோயில் என்று இங்கே எழுதமாட்டேன். உங்களில் சிலருக்குத் தெரியும்.

அப்பாவை நான் குற்றம் சொல்லி முடிக்க முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத துப்புரவுத் தொழிலாளி, ஊரின் பெரிய மனிதர்கள் முன்னால் கைகட்டி நின்றிருப்பார். அவரிடம் அதிகாரம் இல்லை. நிர்வாகத்தாரிடம் இருந்தது. இந்த மடல் உங்களுக்கு வருவதும் அதனால்தான்.

தம்பி படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில், அரசு மருத்துவமனையின் இளம் பெண் மருத்துவர் ஒருவர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்து ஒரு கேள்வி கேட்டார். "சின்ன வயதில் இவருக்கு என்ன நடந்தது?" முப்பத்துநான்கு ஆண்டுகளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். எங்கள் குடும்பம் கேட்கவில்லை, கோயில் கேட்கவில்லை, அவனைச் சேர்த்த மறுவாழ்வு இல்லங்களில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது, "ஏன் குடிக்கிறாய்?" அதற்கு அவனிடம் பதில் இருந்தது. சொல்லக் கூடாத பதில்.

அந்த மருத்துவர் சொல்லித்தான் ஓர் ஆய்வைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் பருமனைக் குறைக்கும் சிகிச்சை நடத்திவந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். காரணத்தைத் துருவியபோது, அவர்களில் பலர் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. நோய் என்று அவர் நினைத்திருந்த பருமன், அவர்கள் தங்களைச் சுற்றி எழுப்பிக்கொண்ட காப்பு. பிறகு ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, 17,000க்கும் அதிகமானோரிடம் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார். அடி, வசை, பாலியல் கொடுமை, கவனிப்பாரற்று விடப்பட்டது, அம்மா அடிபடுவதைப் பார்த்தது, வீட்டில் குடிப்பவர் இருந்தது என்று பத்து வகைத் துன்பங்களை எண்ணினார்கள். அவற்றில் ஏழு வகைகளை வைத்து முதல் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, ஒன்றுமே அனுபவிக்காதவர்களைவிட நான்கு மடங்கிலிருந்து பன்னிரண்டு மடங்குவரை கூடியிருந்தது. 2003இல் வந்த இன்னொரு கட்டுரையில், ஐந்தோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களிடம் போதைப்பொருள் சிக்கல் ஏழிலிருந்து பத்து மடங்கு.

ஏழ்மைதான் காரணம் என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். அந்த ஆய்வில் பதில் சொன்னவர்கள் மருத்துவக் காப்பீடு வைத்திருந்த நடுத்தர வர்க்கத்தினர், பெரும்பாலோர் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். யூனிட் வீட்டிலும் நடக்கும், உம்ஹ்லாங்கா பங்களாவிலும் நடக்கும்.

உடலுக்குள் நடப்பதையும் அந்த மருத்துவர் எனக்குப் புரியும்படி சொன்னார். பயந்த குழந்தையின் உடலில் கார்ட்டிசால் என்ற சுரப்பு ஏறுகிறது, ஆபத்து விலகியதும் இறங்குகிறது. ஆபத்து வாரந்தோறும் வந்தால், அதுவும் மரியாதைக்குரிய முகத்தோடு வந்தால், இறங்க வேண்டியது இறங்க மறந்துவிடுகிறது. உடம்பு எப்போதும் கதவைப் பார்த்தபடியே இருக்கிறது. தூக்கம் இல்லை, சட்டென்று கோபம், சத்தம் கேட்டால் துள்ளல். அப்படி ஒருவன் முதன்முதலில் சாராயத்தைக் குடிக்கும்போது, பல ஆண்டுகளில் முதல் முறையாக அவன் தோள்கள் இறங்குகின்றன. ஹெராயின் மூளையில் போய் ஒட்டும் இடமோ, வலியையும் பிரிவின் துயரையும் தணிக்க உடல் தானே சுரக்கும் எண்டார்பின் ஒட்டுகிற அதே இடம். மற்றவர்களுக்குப் போதையாக இருப்பது அவனுக்கு நிம்மதியாக இருக்கிறது. நிம்மதியை விட்டுவிடு என்று யாரிடம் சொன்னாலும் விடுவானா?

கொடுமைக்கு ஆளானவர்கள் எல்லோரும் போதைக்குப் போவதில்லை. போதையில் இருப்பவர்கள் எல்லோரும் கொடுமைக்கு ஆளானவர்களும் இல்லை. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, குடிநோயைப் பொறுத்தவரை ஏறத்தாழப் பாதி என்கிறார்கள். தெருமுனையில் விற்பவனுக்கும் வேலையில்லாத் திண்டாட்டத்துக்கும் பங்கு உண்டு. என் தம்பியோடு பின்னறையில் இருந்த ஐந்து பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் பத்தொன்பது வயதில் தூக்குப் போட்டுக்கொண்டான். இருவர் குடித்துச் செத்தார்கள், அதில் ஒருவன் என் தம்பி. நான்காமவன் எங்கே போனான் என்று தெரியவில்லை. ஐந்தாமவர் இன்று நலமாக இருக்கிறார், பேரன் எடுத்துவிட்டார். அவர் சொன்ன நாளிலேயே அவர் அம்மா நம்பினாள். அடுத்த நாளே வகுப்பை நிறுத்தினாள். தெருவில் நின்று கத்தினாள். ஊர் அவளைப் பைத்தியம் என்றது. அவள் மகன் பிழைத்தான். அவரும் கோயிலுக்கு வருவதில்லை, அது வேறு கதை.

இனி மனவுறுதிக்கு வருகிறேன். அந்தப் பெரியவரின் சொல் அதுதானே.

என் தம்பி ஆண்டுதோறும் தைப்பூசக் காவடி எடுத்தான். பத்து நாள் நோன்பு. கொடியேற்றம் அன்று மஞ்சள் வேட்டி கட்டினால் ஒரு சொட்டுச் சாராயம் தொடமாட்டான். முதுகில் கொக்கிகளும் கன்னத்தில் அலகும் குத்திக்கொண்டு, தார் ரோட்டில் வெறுங்காலோடு ஜனவரி வெயிலில் நடந்தான். மனவுறுதி இல்லாதவன் செய்கிற காரியமா அது? 1993இல் நோன்பின் இரண்டாம் நாள் மாலை, பூசை நேரத்தில், அவன் உடம்பு விறைத்தது. கண் செருகியது. கைகால் வெட்டி இழுத்துத் தரையில் விழுந்தான். அருள் வந்துவிட்டது என்றார்கள். உறுமியை வேகமாக அடித்தார்கள். நெற்றியில் விபூதி பூசினார்கள், யாரோ வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வேட்டி நனைந்திருந்தது, நாக்கைக் கடித்து ரத்தம் வந்திருந்தது.

அது அருள் அல்ல, வலிப்பு. தினமும் அளவுக்கு மீறிக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதன்பின் பிதற்றலும் நடுக்கமும் வரலாம், உயிரே போகலாம். மருத்துவமனையில் மருந்து கொடுத்துப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். இதை ஒருவர்கூட எங்களுக்குச் சொன்னதில்லை. உங்கள் கோயில்களில் இந்த ஆண்டும் அப்படி எத்தனை பேர் மஞ்சள் கட்டுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நோன்புக்குப் பெயர் கொடுக்க வரும்போது, தினமும் குடிப்பவரா என்று தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமாம் என்றால் முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள். முருகன் காத்திருப்பான்.

நீங்கள் கைகாட்டும் மறுவாழ்வு இல்லங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா காலமான பிறகு, ஒரு கோயில் நிர்வாகியின் சிபாரிசில் தம்பியை ஓர் இடத்தில் சேர்த்தோம். மொட்டை அடித்தார்கள். விடியற்காலையில் குளிர்ந்த தண்ணீர். எதிர்த்துப் பேசியதற்காக மூன்று இரவு ஓர் அறையில் வெளியே தாழிட்டுப் பூட்டிவைத்தார்கள். சன்னல் இல்லாத அறை. நான்காம் நாள் கையை உடைத்துக்கொண்டு தப்பி ஓடிவந்தான், அன்று இரவே குடித்தான். 'திருந்தாத ஜென்மம்' என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். பூட்டிய அறையில் காயம்பட்டவனைக் குணமாக்க, மறுபடி ஓர் அறையில் போட்டுப் பூட்டியிருக்கிறோம். 2008ஆம் ஆண்டின் போதைத் தடுப்பு, சிகிச்சைச் சட்டப்படி இப்படிப்பட்ட இல்லங்கள் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைப் பார்க்காமல் இனி ஓர் இடத்தையும் சிபாரிசு செய்யாதீர்கள். பார்த்த பிறகும், அங்கே காயத்தைப் பற்றிப் பேசத் தெரிந்த மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

சட்டத்தை உங்கள் வழக்கறிஞரைக் கேட்டே உறுதிசெய்துகொள்ளலாம். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், 110ஆம் பிரிவு. ஒரு குழந்தை அடித்துக் காயப்படுத்தப்பட்டதாகவோ, பாலியல் கொடுமைக்கு ஆளானதாகவோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விடப்பட்டதாகவோ தக்க காரணத்தோடு முடிவுக்கு வந்தால், புகார் செய்தே ஆக வேண்டியவர்களின் பட்டியல் அதில் இருக்கிறது. ஆசிரியர், மருத்துவர், தாதி, சமூகப் பணியாளர் என்று போகும் அந்தப் பட்டியலில் மதத் தலைவரும் இருக்கிறார். குருக்கள்மாரே, அது உங்களைத்தான் சொல்கிறது. பாலியல் குற்றம் என்றால் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமை. குழந்தைக்கு அப்படி ஒன்று நடந்ததாக அறிந்த எவரும் உடனே காவல்துறையிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஐந்து ஆண்டுவரை சிறை. 'பேசியாயிற்று' என்று ஒரு தகப்பனைத் திருப்பி அனுப்புவது 1970இல் வழக்கமாக இருந்தது. இன்று அது குற்றம். நல்லெண்ணத்தோடு புகார் செய்தவர் மேல் நட்டஈட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்றும் அதே 110ஆம் பிரிவு காப்பளிக்கிறது. ஆகவே, புகார் தவறாகிவிட்டால் நம்மேல் வழக்கு வந்துவிடுமே என்ற பயத்துக்கு இடமில்லை.

இன்னொன்று. பழைய கதையை இப்போது எதற்குக் கிளறுகிறாய் என்பவர்களுக்கு: 2018 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றம், பல பாலியல் குற்றங்களுக்கு இருபது ஆண்டுக்குப் பிறகு வழக்குத் தொடர முடியாது என்றிருந்த வரம்பை நீக்கிவிட்டது. சிறுவயதில் தங்களுக்கு நடந்ததை நடுவயதில் வந்து சொன்ன எட்டுப் பேர் தொடுத்த வழக்கு அது. என் தம்பிக்குக் காரியமாகி பதினான்கு ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு. அவனுக்குப் பயனில்லை. உங்கள் சபையில் வெள்ளை வேட்டி கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேருக்குப் பயன்படும். ஆமாம், ஆண்களுக்கும்தான். 2016இல் வெளியான தேசிய ஆய்வொன்றில், இந்த நாட்டின் பள்ளிகளில் 15 முதல் 17 வயதுப் பிள்ளைகளைக் கேட்டபோது, மூவரில் ஒருவர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஏறத்தாழச் சம அளவில். பெண் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறோம். ஆண் பிள்ளைக்கு என்ன ஆகிவிடும் என்று விட்டுவிடுகிறோம்.

நான் குற்றமற்றவளாக நின்று இதை எழுதவில்லை. 1996இல் என் ஞாயிறு வகுப்பில் பத்து வயதுப் பெண் ஒருத்தி, சித்தப்பாவோடு தனியாக இருக்கப் பிடிக்கவில்லை, டீச்சர் என்றாள். சொல்லிவிட்டுத் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் அம்மாவிடம் சொன்னேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். தம்பியின் வாழ்க்கையைக் கண்ணெதிரே பார்த்தவள், அப்படியும் நினைத்தேன். அடுத்த வாரம் முதல் அந்தப் பெண் வகுப்புக்கு வரவில்லை. இப்போது சில சமயம் மருந்துக்கடை வரிசையில் அவளைப் பார்க்கிறேன். அபின் வகையைச் சேர்ந்த கோடீன் கலந்த வலி மாத்திரை வாங்க நிற்பாள். அதை இங்கே மருத்துவர் சீட்டு இல்லாமலே கொடுக்கிறார்கள். ஒரு கடையில் வாங்கிவிட்டு அடுத்த கடைக்குப் போவாள். நம் பெண்களின் போதை தெருவில் விழுந்து கிடப்பதில்லை, அதனால் உங்கள் ஊர்வலம் அவர்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. சென்ற மாதம் அவளிடம் போய், அன்று நான் போதுமானதைச் செய்யவில்லை, என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கோயிலில் பிள்ளைகளுக்குப் பாட்டோ, நாட்டியமோ, தமிழோ சொல்லிக்கொடுப்பவர் யாராக இருந்தாலும், என்னையும் சேர்த்து, அரசின் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டிலும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டிலும் பெயர் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே பிள்ளைகளை ஒப்படையுங்கள். பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது என்று எழுதி வாசலில் ஒட்டுங்கள். குழந்தைகள் உதவி எண் 116, கட்டணம் இல்லாதது, அதைப் பெரிய எழுத்தில் கழிப்பறைக் கதவில் ஒட்டுங்கள். பிள்ளை தனியாக நின்று படிக்கும் இடம் அதுதான். சாட்ஸ்வொர்த்தின் ஆர். கே. கான் மருத்துவமனையிலும் பீனிக்ஸின் மகாத்மா காந்தி மருத்துவமனையிலும், வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கு மருத்துவமும் காவல்துறையும் ஒரே இடத்தில் கிடைக்கும் துதுசேலா மையங்கள் இருப்பதை உங்கள் சபையில் எத்தனை பேர் அறிவார்கள்? கூழ் ஊற்றும் ஆடி மாதத்தில் ஆயிரம் பேர் கூடுகிறார்களே, அன்று ஐந்து நிமிடம் அதைச் சொல்லுங்கள்.

அடிப்பதைப் பற்றியும் பேசுங்கள். பள்ளியில் பிரம்பு 1996இலேயே சட்டவிரோதம். வீட்டில் 'கண்டிப்புக்காக அடித்தேன்' என்ற சாக்கை 2019இல் அரசியல் சாசன நீதிமன்றம் எடுத்துவிட்டது. நம் வீடுகளில் பெல்ட் இன்னும் ஆணியில் தொங்குகிறது. அடித்து வளர்த்ததால்தான் உருப்பட்டேன் என்று நம் பெரியவர்கள் மேடையில் பெருமை பேசும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. தம்பி அப்பாவிடம் நேரே சொல்லாமல் ஆயாவிடம் சொன்னதற்குக் காரணம் அந்த பெல்ட்.

அந்தப் படத்தை இறக்குங்கள். எந்தப் படம் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன். செத்தவரைப் பற்றி என்ன பேச்சு என்று என்னிடம் வராதீர்கள். என் தம்பியும் செத்தவன்தான். அவனைப் பற்றி அன்று மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பேசினீர்களே.

அடுத்த ஜூன் 26 அன்று ஊர்வலம் போவீர்கள். போங்கள், நானும் வருவேன். விற்பவன் வீட்டு முன்னால் நின்று கோஷம் போடுவதில் தவறில்லை. ஆனால் மண்டபத்துக்குத் திரும்பியதும், மனவுறுதி பற்றிப் பேசிய அந்தப் பெரியவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு, உங்கள் தலைவர் எழுந்து இதைச் சொல்ல வேண்டும்: 'இந்தக் கோயிலில் சிறுவயதில் யாருக்காவது தீங்கு நடந்திருந்தால், எந்த வயதிலும் வந்து சொல்லுங்கள். நாங்கள் நம்புகிறோம். உங்களோடு காவல் நிலையத்துக்கு வருகிறோம்.' தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை, ஜூலுவில் ஒரு முறை. நம் கோயில் தோட்டத்தையும் சமையற்கட்டையும் பார்த்துக்கொள்பவர்களின் பிள்ளைகளும் அங்கே விளையாடுகிறார்கள்.

மருத்துவமனையில் தம்பியின் கடைசி வாரம். கட்டிலோடு ஒட்டிய இரும்பு அலமாரி ஒன்று உண்டு, சக்கரம் வைத்தது. இரவு தாதி விளக்கை அணைக்க வந்தபோது, அதைக் கொஞ்சம் கதவுப் பக்கம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டான். அவனுக்கு எழுந்து உட்காரவும் பலம் இல்லை. தாதி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து தள்ளிவைத்தேன். அன்று அவன் விடியும்வரை தூங்கினான்.

ஆயாவின் தகரப் பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. ஞாயிறு வகுப்புப் புத்தகங்களை அதில்தான் வைத்திருக்கிறேன். எனக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பதும் கோயிலின் பின்னறைதான், வேறு கோயில், வேறு அறை, ஆனால் அதற்கும் சன்னல் இல்லை. கதவில் கண்ணாடி பொருத்தித் தாருங்கள் என்று இரண்டு முறை கடிதம் கொடுத்தேன். நிதி ஒதுக்கீடு பார்க்கலாம் என்றார்கள். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. கண்ணாடி வரும்வரை பெட்டியை முற்றத்துக்கு எடுத்துவந்து, வேப்பமரத்தடியில், எல்லோரும் பார்க்கும்படி பாடம் நடத்துவேன்.

இப்படிக்கு,
முப்பது ஆண்டாக உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும்
ஓர் அக்கா,
சாட்ஸ்வொர்த்.